சாயப்பட்டறையும் சூழல் காப்போர் கல்வியும்

(நமது சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் போதிக்கும் பண்டிதன் சாயப்பட்டறையைப்பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நம் பிள்ளைகளுட் சிலர், தொழிற்சாலைகளில் நீரும் காற்றும் கெடாமற் காக்கும் உத்தியோகத்தை நாடுகின்றனர். அதற்கு ரசாயன சாஸ்திரம் ஒன்றே போதுமென்று பெற்றோர் எண்ணுகின்றனர். அஃது இக்காலத்துக்குப் பொருந்தாது.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியிற் சாயம் பற்றுதற்பொருட்டு உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். சுண்ணாம்பு முதலியன இட்டுக் கழிவுநீரைத் தெளிவித்தால் நிறம் குறையும். கரைந்த உப்போ குறையாது. அந்நீர் நொய்யலாற்றிற் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையிலே தேங்கி, உழவர்தம் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்நிலை எய்துவதற்கு, நுண்ணிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றச்செய்தல் வேண்டும். ஆற்றைக் காக்க இது வழியே. ஆயின் மின்சாரமும் விறகும் பெருஞ்செலவாகும். நீர்க்கேட்டைத் தடுக்கப் புகுந்தவிடத்துப் புகைக்கேடு தலைகாட்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்துப்பார்க்கும் கணக்கறிவு ஈண்டே வேண்டப்படுகின்றது. மேலும், 2021-ல் செபி வகுத்த விதிப்படி, பங்குச்சந்தையிற் பதிவுபெற்றவற்றுள் மதிப்பால் முதன்மையான 1000 கம்பெனிகள், 2022-23 முதல் தம் நீர், எரிபொருள், கழிவு முதலியவற்றின் கணக்கை வெளியிடல் வேண்டும். அயல்நாட்டு வியாபாரிகளும் இத்தகைய கணக்கைப் பட்டறைகளிடம் கேட்கின்றனர்.

என்பாற் பயின்ற ஒருவர் அப்பக்கத்துப் பட்டறையொன்றில் பரிசோதகராக அமர்ந்தார். ஒருமுறை நீரளக்கும் மீட்டர் பதினொரு நாள் ஓடாமல் நின்றுவிட்டது. அந்நாட்களுக்குச் சராசரியைக் கண்டு, அளந்த தொகையே போல எழுதிவிடும்படி மேலாளர் கூறினார். ‘மதிப்பீடு’ என்று பக்கத்திற் குறித்தாலன்றிக் கையொப்பமிடேன் என்று இவர் மறுத்துவிட்டார். அவ்வாண்டு அவருக்குச் சம்பள உயர்வு கிட்டவில்லை. வீட்டிலோ தங்கையின் கலியாணச் செலவு காத்திருந்தது. இத்திறத்தை எக்கல்லூரி கற்பிக்கின்றதோ, யான் அறியேன்.

அவரே பிறிதொருநாள், கொதிகலனில் ஈரவிறகை இடலாகாதென்று வேலையாட்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதித் தருமாறு என்னை வேண்டினார். யானும் சந்தி பிழையாமல் எழுதிக்கொடுத்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லையாம்! அவருட் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர். பின்னர் இவர் சிறிது இந்தி பேசக் கற்று, அடுப்பண்டை அவர்களோடு நின்று, ஈரவிறகு எழுப்பும் புகையையும் உலர்விறகு தரும் சூட்டையும் காட்டினார். விறகு நனையாதிருக்கக் கொட்டகைக்குக் கூரை வேண்டுமென்று அவ்வேலையாட்களே முதலாளியைக் கேட்டனர். கூரையும் போட்டாயிற்று. என் அறிவிப்புத் தாள் என்னவாயிற்றென்று யான் கேட்கவில்லை.