மூப்பை விரட்டும் மாத்திரை



இன்று நாம் பேச வந்திருப்பது ஒரு மாத்திரையைப் பற்றி. "இதென்ன, மேடையேறிப் பேச வேண்டிய சங்கதியா?" என்று சிலர் நினைக்கலாம். உழைக்கிறவனுடைய கூலியில் மாதா மாதம் ஒரு பங்கைப் பிடுங்கிக் கொண்டு போகிற எதுவும் பேச வேண்டிய சங்கதிதான் என்பது நமது அபிப்பிராயம்.

முன்பெல்லாம் காயகல்பம் விற்கிறவன் காவி கட்டிக் கொண்டு வருவான். இப்பொழுது வெள்ளைக் கோட்டு மாட்டிக் கொண்டு விளம்பரத்தில் வருகிறான். "புதிதாக வந்திருக்கும் ஆண்டி ஆக்ஸிடண்ட்; சாப்பிட்டால் மூப்பு அண்டாது; இது சயன்ஸ்" என்கிறான். காவிக்காரனை மடக்கிக் கேள்வி கேட்கிற நம்மவர்கள்கூட, "சயன்ஸ்" என்ற சொல் காதில் விழுந்ததும் வாயை மூடிக் கொண்டு மடியை அவிழ்க்கிறார்கள். தோழர்களே! சயன்ஸ் என்பது மந்திரமல்ல. "காட்டு, பார்க்கிறேன்" என்று கேட்பதற்குத்தான் சயன்ஸ் என்று பெயர். ஆகவே கேட்போம்.

அவன் சொல்லும் காரணம் என்ன? நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடம்பு செலவழிக்கும்போது சில முரட்டுத் துணுக்குகள் உண்டாகி, இரும்பைத் துரு அரிப்பதுபோல் உடம்பை அரிக்கின்றனவாம், அதுதான் மூப்பாம், அவற்றை அடக்கும் சரக்கைத் தின்றால் மூப்பும் அடங்குமாம். மூப்பைப் பற்றிய இந்த எண்ணத்தை 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெளியிட்டார். இது முட்டாள்தனமான எண்ணமல்ல. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் பொருத்தமாயிருப்பது வேறு, ருஜுவாவது வேறு. பொருத்தமான காரணம் புராணக்காரனிடமும் மூட்டை மூட்டையாய் இருக்கிறது!

விஞ்ஞானிகள் காரணத்தோடு நிற்கவில்லை, பரீட்சித்துப் பார்த்தார்கள். காய்கறி அதிகம் தின்கிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாயிருப்பதைக் கண்டார்கள். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டினும் ஓர் ஆண்டி ஆக்ஸிடண்ட். எனவே அதுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நம்பினார்கள். பின்லாந்து தேசத்தில் 1985-ல் ஆரம்பித்து, சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் இ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்தார்கள். எவருக்கு எது என்பது தின்றவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு வருஷங்கள் இப்படி நடந்தது. 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்! குறைவல்ல தோழர்களே, அதிகம்.

அமெரிக்காவிலும் இதே போல், சிகரெட் பிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேருக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேர்த்துப் பரீட்சித்தார்கள். மருந்து தின்றவர்களிடம் இந்தப் புற்றுநோய் 28 சதவிகிதமும், சாவு 17 சதவிகிதமும் அதிகமாகக் காணவே, குறித்த காலத்துக்கு முன்பே 1996 ஜனவரியில் மருந்தை நிறுத்தி விட்டார்கள். பிறகு 2012-ல், 78 பரீட்சைகளில் கலந்து கொண்ட 2,96,707 பேருடைய கணக்கை ஒன்று சேர்த்துப் பார்த்ததில், இந்த மாத்திரைகளால் ஆயுள் நீண்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் இயும் சாவைச் சற்று அதிகப்படுத்துவதாகவே தோன்றியது.

ஏன் இப்படி? காய்கறி நிறையத் தின்கிறவன் மற்றக் காரியங்களிலும் வேறுபட்டவனாயிருக்கலாம். காய்கறியில் இருப்பதும் ஒரே சரக்கல்ல. மேலும் அந்த முரட்டுத் துணுக்குகளைக் கொண்டே உடம்பு கிருமிகளைக் கொல்லுகிறது. அவை மிஞ்சாமல் அடக்குவதற்கும் உடம்பிலேயே ஏற்பாடு இருக்கிறது.

"என் மாமா சாப்பிட்டார், தெம்பாயிருக்கிறாரே!" என்று ஒரு தோழர் கேட்கலாம். சாப்பிடாமலே தெம்பாயிருக்கும் மாமாக்களை யார் எண்ணினார்கள்? நேர்ந்து கொண்டு பிழைத்தவன் மொட்டையடித்துக் கொண்டு ஊருக்கெல்லாம் சொல்லுவான். நேர்ந்து கொண்டு செத்தவன் வந்து சொல்லுவானா?

வைட்டமினே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வைட்டமின் சி இல்லாமல் ஈறு கெட்டு இரத்தம் கசிகிறவனுக்கு அது உயிர் கொடுக்கும். வைத்தியர் நோயறிந்து கொடுத்ததை நம் பேச்சைக் கேட்டு நிறுத்தி விடாதீர்கள். குறையில்லாதவன் மூப்புக்குப் பயந்து வாங்கித் தின்பதையே கண்டிக்கிறோம்.

நாளைக்கு இன்னொரு புதுப் பெயரில் இன்னொரு மாத்திரை வரும். அப்போது இதைக் கேளுங்கள்: பரீட்சித்தது எலியிலா, மனிதரிலா? எத்தனை பேர், எத்தனை வருஷம்? வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்களா? நோயும் சாவும் குறைந்தனவா, அல்லது இரத்தத்தில் ஏதோ ஓர் அளவு மாறியதோடு சரியா? பரீட்சைக்குப் பணம் யாருடையது? பதில் சொன்னால் யோசியுங்கள். சொல்லாமல் நழுவினால், அவன் காவிக்காரனுக்கு உடன்பிறந்தவன் என்று அறியுங்கள்.

அதுவரையில் அந்தக் காசுக்குக் கீரையும் பழமும் வாங்கிப் பிள்ளைகளோடு சேர்ந்து தின்னுங்கள். பீடி சிகரெட்டை விட்டொழியுங்கள் என்று கேட்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.