எழுத்தின் ஒலியும் எறும்பின் கால்களும்

(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 



இன்று மேடையேறி ஓதிய பிள்ளைகளைக் கண்டு நம் உள்ளங்கள் குளிர்ந்தன, அல்ஹம்து லில்லாஹ். இவ்வேளையில் பெற்றோர்கள் சிந்திக்க வேண்டிய செய்தியொன்றை எடுத்துரைக்க விழைகிறேன்.

மூன்றாம் வகுப்பில் பயிலும் பிள்ளை தன் பாடத்தைக் கடகடவென ஒப்பிக்கிறது. அதே பக்கத்தின் நடுவே ஒரு சொல்லின்மீது விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டால் விழிக்கிறது. அப்பிள்ளை வாசிக்கவில்லை, காதால் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. மனப்பாடம் அல்லாஹ் அளித்த அருட்கொடை. திருமறையை நெஞ்சில் சுமப்பதற்கு அதுவே துணை. ஆயினும் மனப்பாடம் வேறு, வாசிப்பு வேறு. இக்குறையை இளமையிலேயே கவனிக்காவிட்டால், மேல்வகுப்பில் எல்லாப் பாடங்களும் அப்பிள்ளைக்குப் பூட்டிய கதவாகிவிடும். பிறகு, "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாமே தீர்ப்புச் சொல்லி, கடையிலோ பட்டறையிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். பல வேளைகளில் அவனுக்குப் பிடிபடாதது படிப்பன்று, எழுத்தின் ஒலிதான்.

எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. மக்தபில் இதனை நாம் முதல் நாளிலேயே கற்பிக்கிறோம். 'பா' என்பது எழுத்தின் பெயர். ஸபர் இட்டால் 'ப', ஸேர் இட்டால் 'பி', பேஷ் இட்டால் 'பு' என்பன அதன் ஒலிகள். தஜ்வீது கலையிலும் எழுத்து பிறக்கும் இடமான மக்ரஜை முதலில் அறிகிறோம். தொண்டையில் பிறக்கும் எழுத்துக்கள் 6 எனப் பட்டியலிடுகிறோம். ஆங்கிலப் பள்ளிகளில் 'போனிக்ஸ்' என்று போற்றப்படும் முறையும் அடிப்படையில் இதுவே. 'ஹெச், ஈ, என்' என்று எழுத்தின் பெயர்களை எத்தனை முறை கூட்டினாலும் 'ஹென்' என்னும் கோழி வாராது. 'ஹ், எ, ன்' என்று ஒலிகளைக் கூட்டினால்தான் கோழி வரும்! தமிழிலும் 247 எழுத்துக்கள் என்று கேட்டவுடன் பிள்ளை மலைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18. 'க்' என்பதுடன் 'ஆ' சேர்ந்தால் 'கா' என்னும் சூத்திரம் பிடிபட்டுவிட்டால் உயிர்மெய் 216-க்கும் வழி திறந்துவிடும்.

சரி, இந்த ஒலிகளைச் சலிப்பின்றிக் கற்பிப்பது எப்படி? பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்னும் சிறுவர் சிறு குருவியொன்றை வைத்து விளையாடுவார். அகில உலகிற்கும் அருட்கொடையாக வந்த நபி (ஸல்) அவர்கள், அச்சிறுவரிடம் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். அக்குருவியின் பெயர் 'நுஃகைர்'. உமைர், நுஃகைர் என்று ஒலி இயைய அமைந்த அக்கேள்வி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பிள்ளைக்குப் பிரியமான உயிரினமும் செவிக்கு இனிய ஒலியும் ஒரே கேள்வியில் இணைந்திருப்பதைக் கவனியுங்கள்.

திருக்குர்ஆனில் பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகிய பெயர்களில் அத்தியாயங்கள் உள்ளன. எகிப்து நாட்டில் வாழ்ந்து கி.பி. 1405-இல் மறைந்த இமாம் தமீரீ (ரஹ்) அவர்கள், 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் உயிரினங்களை அரபி அகர வரிசையிலேயே தொகுத்தார்கள். விலங்கும் எழுத்தும் கைகோத்து வருவது நமக்குப் புதியதன்று.

இனி, வீட்டில் செய்ய வேண்டியதைக் கூறுகிறேன். மஃக்ரிபுக்குப் பின் கால் மணி நேரம் போதும்.

முதலில் புத்தகமின்றிச் செவிக்குப் பயிற்சி கொடுங்கள். மாடு, மான், மயில் மூன்றும் எந்த ஒலியில் தொடங்குகின்றன என்று கேளுங்கள். 'கா' எனக் கரைவதால் காகம். ஸுலைமான் (அலை) அவர்களிடம் செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவைக்கும் அதன் குரலே பெயர். தமிழில் அது கொண்டலாத்தி.

அடுத்து, பிள்ளை அறிந்த எழுத்துக்களால் ஆன சிறு வாக்கியங்களை எழுதுங்கள். "மயில் ஆடும். மான் ஓடும்." விரலை வைத்து ஒலிகளைக் கூட்டிப் படிக்கட்டும்.

மூன்றாவது படியே மிக முக்கியமானது. பிள்ளையால் ஊகிக்க இயலாத உண்மையை எழுதுங்கள். பசுவின் படத்தைப் பார்த்து, "பசு பால் தரும்" என்று எழுத்தறியாப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால், "ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். "தண்ணீர்" என்று கூறும். தாளிலோ "கொழுப்பு" என்று எழுதியிருக்கும். பறக்கும் வௌவால் முட்டையிடும் என்று எண்ணும். "வௌவால் குட்டி போடும்" என்று எழுத்துச் சொல்லும். எறும்புக்குக் கால் 6, சிலந்திக்கு 8. யானையின் துதிக்கையில் எலும்பு இல்லை. இங்கே படமும் ஊகமும் கைவிட்டுவிடும். எழுத்து ஒன்றே விடை தரும். எழுத்தை நம்பினால் புதிய அறிவு கிட்டும் என்பதைப் பிள்ளை தானே உணரும். அந்த உணர்வே வாசிப்பின் வாசல்.

பிழையாகப் படித்தால் அதட்டாதீர்கள். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பிழைபட்ட ஒலியை மட்டும் சுட்டிக்காட்டி மீண்டும் படிக்கச் செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் தயங்க வேண்டாம். "இன்று எந்த உயிரினத்தைப் பற்றிப் படித்தாய்? எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். உம்மாவுக்குத் தெரியாததைத் தான் வாசித்துச் சொல்லும் பெருமிதம், பிள்ளையை நாளையும் புத்தகத்தின் பக்கம் இழுத்துவரும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் மக்தபில் ஓர் அலமாரி வைத்து, உயிரினங்கள் பற்றிய எளிய படநூல்களை வாங்கி வையுங்கள். பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் ஈட்டுத்தொகை இல்லாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தலே ஈடாக ஏற்கப்பட்ட செய்தியை நாம் அறிவோம். பிள்ளைகளின் எழுத்தறிவுக்கு அன்று அளிக்கப்பட்ட மதிப்பு அத்தகையது. ஓர் அலமாரி நமக்குப் பெரிய சுமையன்று.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! அவர்களின் நாவுகளைத் திருமறைக்கும், கண்களை நல்ல நூல்களுக்கும் திறந்து வைப்பானாக! ஆமீன்.