வெளிநாட்டு ஆன்லைன் வியாபாரம்: பழுதான பொருளைத் திருப்ப முடியுமா?

 

கணவரை இழந்த சகோதரி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தையல்தான் அவருடைய வருமானம். சீட்டுப் பணத்தை எடுத்து, வெளிநாட்டு விற்பனையாளரிடம் செல்போன் வழியாக ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஓவர்லாக் மெஷின் வாங்கியிருந்தார். மூன்றாம் நாளே மோட்டார் நின்றுவிட்டது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மூன்று வாரம் மறைத்துவிட்டார். புகார் செய்யும் கெடு முடியச் சில நாள்களே இருந்தன.

விற்றவருக்கு எழுதினோம். "உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்" என்றார்கள். கூரியரில் விசாரித்தால், அனுப்பும் கூலியே மெஷின் விலையை நெருங்கியது. பிறகு, "புகாரை வாபஸ் வாங்குங்கள், புது மோட்டார் அனுப்புகிறோம்" என்று செய்தி வந்தது. அவர் வாபஸ் வாங்கினார், நாங்களும் தடுக்கவில்லை. அது எங்கள் தவறு. கெடு முடிந்தது, மோட்டார் வரவில்லை.

குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை மார்க்கச் சட்டம் 'கியாருல் ஐப்' என்கிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பரிகாரம் தருகிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் முறையாக விற்பனை நடத்தும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே அலுவலகமே இல்லாதவர் மீது தீர்ப்பு வாங்கினாலும், பணத்தை வசூலிப்பது கடினம். ஆகவே வாங்கும் முன்பே விழிப்பு வேண்டும்.

விற்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், திருப்பி அனுப்பும் கூலி யார் பொறுப்பு என்று முதலில் பாருங்கள். பணத்தைத் தனியாக அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் 'சார்ஜ்பேக்' கேளுங்கள். அதற்கும் கெடு உண்டு. பணம் கைக்கு வரும்வரை புகாரை வாபஸ் வாங்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

அந்தச் சகோதரியின் மெஷினுக்கு உள்ளூர் மெக்கானிக் வேறு மோட்டார் பொருத்திக் கொடுத்தார். இப்போது ஓடுகிறது, போன பணம் போனதுதான். ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் தாமதிக்காமல், ரசீதுடன் வாருங்கள். கூட உட்கார்ந்து எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.