கடல் புகுந்த வயலும் கிளுவைக் கூட்டமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற தை மாதத்தில் நம் காலனியைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார் அந்தமான் தீவுகளுக்குச் சென்று மீண்டோம். சென்றவர்கள் சார்பில் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். செல்லுலர் சிறையைப் பற்றிப் பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். சிறையைக் கண்டோம், கண் கலங்கினோம். அதனைப் பற்றிப் பேச நம்மிடையே தக்கார் பலர் உளர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் பறவை. ஒரே பிற்பகலில் நாங்கள் கண்ட பறவைகளும், அவற்றைக் காண நாங்கள் நின்ற நிலத்தின் கதையுமே இன்றைய பேச்சு.

இருப்புப் பாதையே இல்லாத ஊரில் இரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் புறப்படும்போதே கேலி செய்தார். ஆயினும் தொழிற்பழக்கம் விட்டுப் போகுமா? எதைக் கண்டாலும் நேரத்தோடு குறித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு அங்கே மிகவும் உதவியது. சென்னையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அத்தீவில் கடிகாரம் மட்டும் நம் கடிகாரமே. ஆதலின் கதிரவன் அங்கே முந்தி எழுந்து முந்தி மறைகிறான். தை மாதத்தில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருள் கவிந்துவிடுகிறது. பிற்பகல் என்பது அங்கே மிகக் குறுகியது. உண்டு உறங்கி எழுந்தால் பறவை போய்விடும். நாங்கள் ஒன்றரை மணிக்கே கிளம்பினோம்.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரத்திலிருந்து வண்டூர் செல்லும் சாலையில் சிப்பிகாட் என்றோர் ஊர் உண்டு. தமிழ்ச் செவிக்குச் சிப்பிகள் நிறைந்த காடு என்று ஒலிக்கும். 'காட்' என்பது உண்மையில் இந்தியில் படகுத்துறை. சாலையின் இருமருங்கும் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறது. நீரின் நடுவே பட்டுப்போன தென்னை மரங்கள் தலையின்றி நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நாரைகளும் கொக்குகளும் மீன்கொத்திகளும் ஆளுக்கொரு மரமாக அமர்ந்திருந்தன. இது பறவைகளுக்கென்று எவரும் வெட்டிய ஏரி அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை 6 மணி 29 நிமிடம் வரையில் இது நெல் விளைந்த வயல்.

அன்று சுமத்திராவின் கரையை அடுத்துக் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தையும், அதனால் எழுந்த ஆழிப்பேரலையையும் நாம் மறந்திருக்க மாட்டோம். நாகப்பட்டினமும் கடலூரும் பட்ட பாடு நம் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் நம் கரையில் அலை வந்தது, அழித்தது, திரும்பிச் சென்றது. அந்தமானில் நிலமே அசைந்தது. துலாக்கோலின் ஒரு தட்டு உயர மறுதட்டுத் தாழ்வதுபோல, வட அந்தமானில் கரை மேலெழுந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. தென் அந்தமானில் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. இன்னும் தெற்கே, இந்திய நாட்டின் தென்கோடியாகிய இந்திரா முனையில் நிலம் நாலேகால் மீட்டர் தாழ, அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் ஆயிற்று. தாழ்ந்த நிலத்திற்குள் புகுந்த கடல்நீர் சிப்பிகாட் வயல்களை விட்டுத் திரும்பவில்லை. நாளுக்கு இருமுறை ஏற்றவற்றம் அவ்வயல்களில் நடைபெறுகிறது. நெல் இருந்த இடத்தில் அலையாத்திக் கன்றுகள் முளைத்துவிட்டன. எங்கிருந்தோ பறவைகளும் வந்து சேர்ந்தன.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைநோக்கி. பார்க்க விரும்பியோர் பதினான்கு பேர். முறை வைத்துக்கொண்டோம். முதலில் கண்ணில் பட்டது பொன்னிறப் புள்ளிகள் தெளித்த உப்புக்கொத்திகள். சைபீரியாவின் பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இந்தச் சேற்றுக்கு வந்து இரை தேடும் பறவை அது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருக்கிறது உடம்பு. அடுத்து, அலகு அரிவாளாய் வளைந்த கோட்டான் ஒன்று, நண்டு வளைக்குள் அலகை நுழைத்து, மருத்துவர் ஊசி போடும் கவனத்தோடு மெல்ல இழுத்தது. உள்ளான்கள் எத்தனை வகை என்று எங்களால் பிரித்தறிய இயலவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே ஓட்டம். கடற்கரைக் கொக்கில் கரியது ஒன்றும் வெள்ளையது ஒன்றும் அருகருகே நின்றன. இரண்டும் ஒரே இனம், நிறம் மட்டுமே வேறு என்று அறிந்தபோது பெண்கள் பகுதியில் சிரிப்பு எழுந்தது. ஏன் சிரித்தனர் என்று ஆடவர்க்கு விளங்கவில்லை.

மூன்று மணி பத்து நிமிடத்தில், எட்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் தொலைநோக்கியை விடாமல் பிடித்துக்கொண்டு, "கண்ணைச் சுற்றி வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை" என்று மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினான். அலையாத்தி நிழலில் பழுப்பு நிறத்துக் கிளுவைகள் ஒன்பது மிதந்துகொண்டிருந்தன. அந்தமான் கிளுவை அதுதான். மரப்பொந்தில் கூடு வைத்து, வெயில் தாழ்ந்ததும் குளம் குட்டைகளில் இரை தேடும் வாத்தினம். அந்தமானையும் அதனை ஒட்டிய தீவுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இங்கும் மிகச் சிலவே. மனிதர்கள் வேட்டையாடியதாலும், சதுப்பு நிலங்கள் மேடாக்கப்பட்டதாலும் அருகிப்போன இப்பறவைக்கு, கடல் விழுங்கிய வயல்கள் புகலிடம் ஆயின. பதினான்கு பேரும் பார்த்து முடிக்கும் வரையில் அவை நகரவில்லை. அது எங்கள் பேறு.

மகிழ்ச்சியோடு சாலையோரத் தேநீர்க் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் தமிழர். அதில் வியப்பில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி அத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகளின் ஆரவாரத்தைக் கண்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். கிளுவை என்றோம். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "நீங்கள் வாத்து நின்ற இடத்தைக் காட்டினீர்களே, அதற்கு இந்தப் பக்கம் மூன்றாவது மொட்டைத் தென்னை தெரிகிறதா? அது நான் வைத்த பிள்ளை" என்றார்.

எங்களில் ஒருவருக்கும் பேச்சு எழவில்லை. அவரே தொடர்ந்தார். நீருக்குள் இருப்பது அவருடைய இரண்டு ஏக்கர் வயலாம். முதலாண்டு நீர் வடிந்துவிடும் என்று காத்திருந்தார்கள்; இரண்டாம் ஆண்டு கரை போட்டுப் பார்த்தார்கள்; மூன்றாம் ஆண்டு மகன் நகரத்தில் வேலை தேடிக்கொண்டான். "காகிதத்தில் நிலம் இருக்கிறது ஐயா. உழத்தான் முடியாது." சிலர் தங்கள் பங்கில் மண் கொட்டி மேடாக்கி வீடு எழுப்புகிறார்கள் என்றும், மண் விலை தம்மால் தாங்க முடியாததால் தாம் கொட்டவில்லை என்றும் கூறினார். "பறவை பார்க்க வருகிறவர்கள் மண் கொட்டாதே என்கிறார்கள். நல்லது. கொட்டாமல் இருப்பதற்கு எனக்கு என்ன தருவார்கள் என்று யாரும் சொல்வதில்லை."

அவையோரே! இதற்கு விடை எங்களிடம் இல்லை. ஆனால் வேடந்தாங்கலைப் பற்றி அவரிடம் கூறினோம். செங்கற்பட்டுச் சீமையில் அந்த ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே பறவைகளைக் காக்கும் உரிமை பெற்றனர். அவர்கள் அப்படிச் செய்ததற்கு அருள் மட்டும் காரணம் அன்று. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரம். பறவையால் உழவனுக்கு ஆதாயம். உழவனால் பறவைக்குக் காப்பு. இருநூறு ஆண்டுக்கு மேலாக அந்த உடன்பாடு நிற்கிறது. கடைக்காரர் செவிமடுத்துக் கேட்டார். பிறகு, "அங்கே ஏரியும் இருக்கிறது, வயலும் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். தேநீருக்குக் காசு வாங்கவும் மறுத்தார். பிள்ளைகள் கையில் கொடுத்து வைத்துவிட்டு வந்தோம்.

நிலத்தை இழந்தோர்க்கு அந்நிலத்தைப் பறவைகளுக்காகக் காக்கும் வேலையையே அரசு தரலாகாதா என்று திரும்பும் வழியில் விவாதித்தோம். இது வெறுங்கற்பனை அன்று. அத்தீவிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. அங்குள்ள குகைகளில் உழவாரக் குருவி ஒருவகை தன் உமிழ்நீர் ஒன்றினாலேயே வெண்ணிறக் கூடு கட்டுகிறது. அக்கூட்டைச் சூப்பு வைத்து உண்பது சீனரிடையே பெருமை. ஆகவே அதற்குப் பொன்போல விலை. முட்டையோடும் குஞ்சோடும் கூட்டைப் பெயர்த்து விற்றதால் குருவி அழியும் நிலைக்கு வந்தது. நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் இரவி சங்கரன், தீவின் வனத்துறையோடு இணைந்து 1999ஆம் ஆண்டு முதல் ஒரு முயற்சி மேற்கொண்டார். குகையைக் காக்க அவர் எவரை அமர்த்தினார் தெரியுமா? இதுகாறும் கூடு திருடியவர்களையே! குகையின் ஒவ்வொரு பிளவும் அவர்களுக்கே தெரியும் அன்றோ? காத்த குகைகளில் குருவி மீண்டும் பெருகியது. 2009ஆம் ஆண்டில் அவர் அகாலத்தில் மறைந்தார். அவர் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

நான்கு மணிக்குமேல் தீவின் தென்கோடியாகிய சிடியா டாப்புக்குச் சென்றோம். பறவைத் தீவு என்று பெயர். ஆனால் தீவு அன்று, கடலை நோக்கி இறங்கும் காடு. ஆழிப்பேரலை சாய்த்த பெருமரங்கள் கடற்கரையில் வேரோடு கிடந்ததைக் கண்டோம். முதலை உண்டு என்ற எச்சரிக்கையும் உண்டு. ஆகவே பிள்ளைகளை நீரருகே விடவில்லை. உப்புநீர் முதலை விளையாட்டுப் பொருள் அன்று. காட்டில் கரிய மரங்கொத்தி ஒன்று அடிமரத்தை உளியால் கொத்தும் தச்சனைப்போல ஓசை செய்தது. செம்போத்து ஒன்று குறுக்கே பறந்தது. நம்மூர்ச் செம்போத்துக்குத் தலையும் உடலும் கறுப்பு. இதற்கு வெளிறிய பழுப்பு. உறவினர் வீட்டில் வேறு சாயலில் நம் குடும்ப முகத்தைக் கண்டாற்போல் இருந்தது. இருவாய்ச்சி எங்கே என்று பிள்ளைகள் நச்சரித்தனர். அது நார்கொண்டம் என்னும் சிறு எரிமலைத் தீவில் மட்டும் வாழ்வது; அங்கே நம்மால் போக இயலாது என்று கூறிச் சமாதானம் செய்தோம்.

ஐந்து மணிக்குக் கிளிகள் திரும்பத் தொடங்கின. முதலில் இரண்டிரண்டாக, பிறகு பத்துப் பதினைந்தாக, கூச்சலிட்டுக்கொண்டே தலைக்குமேல் சென்றன. வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று காலில் மீனோடு குடாவைக் கடந்தது. எண்ணிக்கொண்டிருந்த பையன் எண்பதோடு விட்டுவிட்டு வாய்திறந்து நின்றான்.

அங்கே கண்ட வனத்துறை ஊழியர் ஒருவர் நிக்கோபார்த் தீவுகளைப் பற்றிக் கூறினார். அங்கே மணலையும் சருகையும் மேடாகக் குவித்து, அம்மேட்டில் முட்டையிட்டு, சருகு மக்கும் சூட்டிலேயே குஞ்சு பொரிக்கும் மெகபோடு என்னும் கோழியினம் உண்டு. ஆழிப்பேரலையில் அதன் கரையோர மேடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. அதன் பெயரால் அமைந்திருந்த சரணாலயத் தீவும் மூழ்கியது. எஞ்சியவை வாழும் பெரிய நிக்கோபாரில் கலாத்தியா வளைகுடாவின் சரணாலயத் தகுதி, துறைமுகம் அமைக்கும் பொருட்டு 2021ஆம் ஆண்டு ஜனவரியில் நீக்கப்பட்டது; பெருந்தோல் ஆமை முட்டையிட வரும் கரையும் அதுவே. 2022ஆம் ஆண்டில் 130 சதுர கிலோமீட்டர் காட்டை அத்திட்டத்திற்கு ஒதுக்க இசைவு தரப்பட்டது. துறைமுகம் நாட்டுக்குத் தேவை என்போர் உண்டு. வேறிடம் பார்க்கலாம் என்போரும் உண்டு. எங்களுக்குள்ளேயே திரும்பும் விமானத்தில் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டோம். கடல் கொண்டதைக் கேட்க எவருமில்லை, நாம் கொள்வதையாவது எண்ணிப்பார்த்துக் கொள்ளலாம் என்பது எங்களுள் பெரும்பான்மையோர் கருத்து.

அடுத்த ஆண்டு செல்ல எண்ணுவோர்க்கு ஒரு சொல். மார்கழி முதல் மாசி வரையில் சென்றால் விருந்துப் பறவைகளைக் காணலாம். வெள்ளை ஆடை வேண்டா. சிப்பிகாட்டில் நீர் வற்றும் நேரத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள்; சேறு தெரிந்தால்தான் பறவை இறங்கும். அந்தத் தேநீர்க் கடை பாலத்துக்கு இப்பால் இருக்கிறது. அன்று பிற்பகல் குறித்த முப்பத்தொரு பறவைகளின் பட்டியல், பையனின் கையெழுத்திலேயே, சங்க நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாதவை ஆறு. அறிந்தோர் வந்து நிரப்பித் தருமாறு வேண்டுகிறோம்.