ஒரு பூவில் ஐந்து விதை



வரப்பில் நடந்து வீட்டுக்கு வருகிறோம். வேட்டியில், சேலைக் கரையில் நாயுருவி விதை ஒட்டியிருக்கிறது. அதைப் பிய்த்து வாசலில் போடுகிறோம். அடுத்த மழைக்கு வாசலில் நாயுருவி முளைக்கிறது. செடிக்குக் கால் இல்லை. நம் காலில் ஏறி வந்துவிட்டது.

எருக்கு வேறு வழி வைத்திருக்கிறது. காய் வெடிக்கும். விதை பஞ்சோடு காற்றில் பறக்கும். தேங்காய் தண்ணீரில் மிதந்து போகும். ஆலம்பழத்தைப் பறவை தின்னும். எச்சம் விழுந்த சுவரில் ஆலங்கன்று முளைக்கும். வாழைக்கோ விதையே வேண்டாம். கிழங்கிலிருந்து பக்கக் கன்று வரும்.

செடி ஏன் விதையை இப்படித் தூரமாக அனுப்புகிறது? எல்லா விதையும் தாய்ச் செடியின் அடியிலேயே முளைத்தால் வெயில் போதாது. தண்ணீரும் போதாது. அதனால்தான்.

இந்த வேலையில் மிகவும் கெட்டிக்காரச் செடி ஒன்று இருக்கிறது. அதுதான் பார்த்தீனியம். சாலை ஓரத்தில், ரயில் பாதை ஓரத்தில், தரிசு நிலத்தில் இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கும். இலை கேரட் இலை போல இருக்கும். வட நாட்டில் இதைக் கேரட் புல் என்ற பொருளில் 'காஜர் காஸ்' என்பார்கள். காங்கிரஸ் புல் என்றும் ஒரு பெயர் உண்டு. வெள்ளைத் தொப்பி போலப் பூப்பதால் அந்தப் பெயர் என்பார் சிலர். காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் வந்ததால் என்பார் வேறு சிலர்.

இது நம் நாட்டுச் செடி அல்ல. மெக்சிகோ பக்கத்துச் செடி. 1955-ஆம் ஆண்டு புனே நகரில் இது கண்ணில் பட்டது. கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையில் விதை கலந்து வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். இன்று இது ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது.

எப்படி இவ்வளவு தூரம் பரவியது? பூவை உற்றுப் பாருங்கள். ஒரு பூ என்று நாம் நினைப்பது பல சின்னப் பூக்களின் கொத்து. நடுவில் இருப்பவை மகரந்தப் பொடி தருபவை. அவற்றில் விதை வராது. ஓரத்தில் ஐந்து பூக்கள் இருக்கும். மகரந்தம் அவற்றில் சேர்ந்தால் விதை பிடிக்கும். ஆக, ஒரு கொத்தில் ஐந்தே விதை.

ஐந்துதானே என்று நினைக்க வேண்டாம். நன்றாக வளர்ந்த ஒரு செடியில் 3,000 கொத்து இருந்தால் விதை எத்தனை? கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000. அதற்கு மேலும் விதை தரும் செடிகள் உண்டு. முளைத்து ஒரு மாதத்திலேயே இது பூக்கத் தொடங்கிவிடும். ஈரம் இருந்தால் ஒரே ஆண்டில் மூன்று நான்கு தலைமுறை வந்துவிடும்.

விதை மிகச் சிறியது, லேசானது. வாய்க்கால் தண்ணீரில் போகும். லாரிச் சக்கரச் சேற்றில் போகும். மாட்டின் குளம்பில் போகும். மணல் வண்டியிலும் வைக்கோல் கட்டிலும் போகும். பூச்செண்டில் அழகுக்கு இதைச் செருகுகிறார்களே, அதிலும் போகும்! கல்யாண வீட்டுக்கே நாம் அழைத்துப் போகிறோம்.

இதனால் வரும் கேடு சிறியது அல்ல. செடி பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், தடிக்கும், வெடிக்கும். பல ஆண்டு களை பறித்தவருக்குத் திடீரென்று ஒரு நாள் இது தொடங்கலாம். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் மூச்சுத் திணறலும் வரும். மாடு இதைத் தின்றால் பால் கசக்கும். இது நிற்கும் இடத்தில் புல் குறையும். மேய்ச்சல் நிலம் போய்விடும். கூலிக்குக் களை எடுக்கும் பெண்களுக்குத்தான் தொல்லை அதிகம். கையுறை யாரும் கொடுப்பதில்லை.

இதைத் தின்னும் ஒரு வண்டு மெக்சிகோவில் உண்டு. அதைக் கொண்டுவந்து 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையை மொட்டையடிக்கும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்விடும். வண்டை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பூப்பதற்கு முன்பே பிடுங்குவதுதான் நல்ல வழி. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். வெட்டிவிட்டால் அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும். கையில் உறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். அரிப்பு, மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்த செடியைப் போடக் கூடாது. விதை எருவோடு வயலுக்கு வந்துவிடும்.

ஒருவர் மட்டும் தன் வயலில் பிடுங்கினால் போதாது. பக்கத்துத் தரிசிலிருந்து விதை வரும். தெருவாகச் சேர்ந்து ஒரே நாளில் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் தகரை விதையைத் தூவலாம். தகரை அடர்ந்து வளர்ந்தால் பார்த்தீனியத்துக்கு இடம் கிடைக்காது.

பழைய விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். அதனால் அடுத்த மழை பெய்த இரண்டாவது வாரம் அதே இடத்தை மறுபடி போய்ப் பாருங்கள். கன்று சின்னதாக இருக்கும். இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம்.