மருந்துச் சீட்டும் அமானிதமே!

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் வாழும் நம்மவர்களில் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து உண்போர் பலர். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்கும் வீடுகளும் பல. அந்தச் செலவு ஏன் கூடுகிறது என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

பிற பொருள்களை நாமே பார்த்து, விலை பேசி வாங்குகிறோம். மருந்து அப்படியன்று. தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், பணம் கொடுப்பவர் நோயாளி. ஆகவேதான் மருந்து நிறுவனங்கள் மருத்துவரின் பேனாவை நாடுகின்றன.

நம் சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சான்று. 'ஜின்கோவிட்' எனும் சத்து மருந்தை மருத்துவர்களிடம் பரப்புவதற்காக அந்நிறுவனம் தங்கக் காசு, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினி, மாநாட்டுக் கட்டணம் என ஏறத்தாழ 4 கோடியே 72 இலட்சம் ரூபாய் செலவிட்டது. அதனை வியாபாரச் செலவாகக் காட்டி, 2010-11 வரிக் கணக்கில் கழிவும் கோரியது. மருத்துவர்கள் அன்பளிப்புப் பெறுவதை இந்திய மருத்துவக் குழு 2009 டிசம்பரிலேயே தடை செய்திருந்தது. "அத்தடை மருத்துவர்களுக்குத்தான், எங்களுக்கன்று" என்பது நிறுவனத்தின் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 22.2.2022 அன்று உச்சநீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. வாங்குவது குற்றமெனில் கொடுப்பதும் ஆகாது. அன்பளிப்பின் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விடிகிறது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், தமக்கு அன்பளிப்பாக வந்ததென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கியபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பதவிக்காக வருவது ஹதியா ஆகாது. இந்த உரைகல் மருத்துவருக்கும் பொருந்தும்.

மருத்துவர் அனைவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. மலிவான மருந்தெல்லாம் மட்டமானது என்ற எண்ணமும் தவறு. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்பே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ஸ்டான்லி மருத்துவமனையில் நம் மக்கள் இலவசமாகப் பெறுவது அவற்றைத்தான்.

நிறுவனங்கள் அன்பளிப்புத் தரக் கூடாதென 2024 மார்ச்சில் மத்திய அரசும் நெறிமுறை வகுத்தது. ஆயினும் புகாரை விசாரிப்பது நிறுவனங்களின் சங்கம் அமைக்கும் குழுவே. எனவே விழிப்பு நம்மிடமும் வேண்டும்.

"இதே மருந்து மூலப்பெயரில் கிடைக்குமா?" என மருத்துவரிடம் பணிவுடன் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவன்று. அவர் சம்மதித்தால், மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள். அவரைக் கேளாமல் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முறையிடலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதென 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

படித்த இளைஞர்களே! நம் மஹல்லாவின் முதியோர் பலருக்குச் சீட்டில் எழுதியிருப்பது விளங்காது. அதைப் படித்துச் சொல்வதும், ரசீதைச் சரிபார்த்துக் கொடுப்பதும் நன்மையான காரியமே.

நம் நோயாளிகளுக்கு வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் அமானிதம் பேணும் நற்பேற்றையும் தந்தருள்வானாக! ஆமீன்.