வெள்ளி வந்தது, மிச்சம் எங்கே போனது?



பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசினால் அசல் ஜரிகை. ஆரணியில் நெய்த புடவை நைந்துபோனாலும் அந்த வெள்ளி நைவதில்லை. பழைய பட்டுப்புடவைக்கு ஊர்தோறும் ஆள் தேடி வருவது அதனால்தான். ஜரிகையை எரித்து, மிஞ்சும் உலோகத்தை உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். தங்கம் கரையாமல் அடியில் நிற்கும். உப்பிட்டால் வெள்ளி வெண்படிவாக இறங்கும். கலந்திருந்த செம்பு நீலக் கரைசலில் தங்கிவிடும். மதிப்புள்ளதைப் பிரித்தெடுக்கும் வித்தை நம் பட்டறைகளுக்குப் புதிதல்ல. ஆனால் அமிலப் புகையையும் நீலத் தண்ணீரையும் யார் கணக்கில் எழுதுவது? அதை எழுதாதவரை எந்த மீட்பும் பாதி வேலைதான் என்பேன்.

சுத்தம் பார்த்தால் சிறு பட்டறை பிழைக்காது என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. தனியொருவர் தலையில் முழுச் செலவையும் கட்டுவது தகாது. ஆனால் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிலிலும் இதே வாதம்தான் எழுந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் நேர்ந்த கேடு இன்னும் முழுதாகத் தீரவில்லை; என்றாலும் பல ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பகிர்ந்துகொண்டு தொழிலைத் தொடர்கின்றன. ஜரிகைக் கழிவுக்கும் அந்த வழி பொருந்தும். நீலக் கரைசலில் இரும்புத்துண்டு போட்டால் செம்பு படியும், அதை விற்கலாம். பிறகு எஞ்சும் அமிலத்தைச் சுண்ணாம்பால் சமன்செய்து, படியும் கசடைத் தனியே சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய ஆலை தேவையில்லை. அளந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் தேவை.

சட்டம் இறுகினால் பழைய பொருள் வாங்குபவரின் பிழைப்பு போகும் என்பது அடுத்த மறுப்பு. அவரை விலக்கினால் சேகரிப்பே நின்றுவிடும். ஜரிகைக்கு மட்டுமல்ல, மதிப்புள்ள உலோகம் ஒளிந்திருக்கும் மின்னணுக் கழிவுக்கும் இது பொருந்தும்: உலகில் 2022-இல் சேர்ந்தது 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால் பங்குக்கும் குறைவு. வீடுவீடாகச் செல்லும் அவருடைய கால்களும் பரிசோதனைக்கூடத்தின் அளவைகளும் ஒரே தொழிலில் சேர வேண்டும். அமிலத்தை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், வருமானத்தை விட்டுவிடுங்கள்.

பட்டதாரிகளே, நாளை எந்த ஆலையில் சேர்ந்தாலும், எவ்வளவு உலோகம் மீட்டோம் என்ற கணக்கைப் பார்த்தவுடன் மிச்சம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.